ஜாயிண்ட் தெரியாத காடு

காட்டை வரைந்து பிழைக்கும் அந்தக் கம்பெனியில் காட்டை ஒழுங்காகப் பார்த்தவர்கள் யாருமே கிடையாது. ஒரே ஒரு தடவை எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனார்கள். இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒருத்தியை அட்டை கடித்தது, இன்னொருவருக்கு வயிறு கலங்கியது, மேலாளர் வேனை விட்டு இறங்கவே இல்லை. திரும்பி வந்து அத்தனை பேரும் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பச்சை பச்சையாக வரைந்து தள்ளினார்கள். அந்த வருஷம்தான் விற்பனை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

விற்பது வால்பேப்பர்தான். ஆனால் அப்படிச் சொன்னால் மேலாளருக்குப் பிடிக்காது. "நாம விக்கறது பேப்பர் இல்ல, நிம்மதி" என்பார், கண்ணை மூடிக்கொண்டு. எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டே சொல்வதால் ஆபீசில் அவருக்குத் தியானம் என்று பெயர். லீவு கேட்டுப் போனவர்கள் அவர் கண்ணைத் திறக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பி வந்ததும் உண்டு.

அந்த ஆபீசில் இலை வரைவதில் ஒருத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கு இலைக்காரி என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. இளந்தளிரா, பழுத்ததா, பூச்சி அரித்ததா, எதைக் கேட்டாலும் கண் இமைக்கிற நேரத்தில் போட்டுத் தருவாள். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்று அவளிடம் இருந்தது. வால்பேப்பரில் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப அச்சாகும். பார்க்கிறவருக்கு அது தெரிந்துவிட்டால் போச்சு. அதேபோல இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் சேரும் இடத்தில் கிளை கிளையோடு ஒட்டி, நரம்பு நரம்போடு ஒட்டி, ஜாயிண்ட் இருப்பதே தெரியக் கூடாது. இலைக்காரியின் ஜாயிண்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று தியானமே சொல்வார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. சுவரில் கண் எங்கேயும் முட்டி நிற்கக் கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும். கண் போய்க்கொண்டே இருந்தால் மனசு அடங்கும். இலைக்காரியும் இதை முழுசாக நம்பினாள்.

அந்த ஜாயிண்ட் பைத்தியம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தையல்காரர். கட்டம் போட்ட துணியில் அவர் பாக்கெட் வைத்தால் கட்டத்தோடு கட்டம் பொருந்தி, பாக்கெட் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் திரும்பி வந்து, பாக்கெட் வைக்கச் சொன்னேனே, ஏன் வைக்கவில்லை என்று சண்டை பிடித்தாராம். அப்பா அவர் கையைப் பிடித்து அந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே விட்டுக் காட்டினாராம். இந்தக் கதையை அவர் லட்சம் தடவை சொல்லியிருப்பார். இப்போது சொல்வதில்லை. கதை மறந்துவிட்டது.

அம்மா போன பிறகு ஆரம்பித்தது. முதலில் சின்னச் சின்ன மறதி, எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் அம்மாவைத் தேடினார். அப்புறம் சில நாட்கள் இலைக்காரியையே அம்மா என்று நினைத்தார், அதுவும் பரவாயில்லை என்றிருந்தது. ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஊரெல்லாம் தேடி, கடைசியில் பஸ் டிப்போவில் கண்டுபிடித்தார்கள். இரண்டு காலிலும் இடது கால் செருப்பு. ஒரு கண்டக்டரை நிற்க வைத்து அவர் தோளைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். கண்டக்டர் நல்ல மனுஷன், அசையாமல் நின்றுகொடுத்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஊரின் மறு கோடியில் குடித்தனம். கெட்டவன் இல்லை. அப்பாவின் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, அதே ஈரத் துண்டோடு வந்து தங்கை முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை இவர் வெளிய போனார்னா நான் உன்னைக் கேக்க மாட்டேன். நேரா கொண்டுபோய் முதியோர் இல்லத்துல சேத்துடுவேன். எனக்கு மட்டும் ஆசையா? ரோட்ல அடிபட்டுக் கிடந்தார்னா யாரு பதில் சொல்றது?"

"போக மாட்டார்ணா. நான் பாத்துக்கறேன்."

"எப்படிப் பாத்துப்பே? உனக்கும் வேலை இருக்கு. நீயும் தூங்கணும். கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா? பேய் மாதிரி இருக்கே."

"பேய்தான் நல்லாப் பாத்துக்கும்" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த இல்லத்தை அவள் ஏற்கனவே போய்ப் பார்த்திருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவர், வரிசையாக நாற்காலி, வரிசையாக ஆட்கள். எல்லோர் சட்டையிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டிருந்தார்கள். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒரு செடி கூட இல்லை, எங்கே திரும்பினாலும் அந்த வெள்ளைதான். உயிர் இருக்கும் வரை அப்பாவை இங்கே விடமாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டாள். சும்மா சொல்லவில்லை. அவளுக்கு வாழ்க்கையில் அதற்குப் பிறகு வேண்டியது அது ஒன்றுதான்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தியானத்திடம் அனுமதி வாங்கினாள். முதல் காரியமாக அப்பாவின் அறைக்குத் தன் வால்பேப்பரை ஆள் வைத்து ஒட்டினாள். கம்பெனியில் அதிகம் விற்றது, பனி இறங்கிய காடு, மெல்லிய பச்சை. சொல்லிவைத்தாற்போல வேலை செய்தது. அப்பா பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. சாயம் போகாதே?"

"போகாதுப்பா. ஈரத்துணி வெச்சுத் துடைச்சாப் போதும், புதுசு மாதிரி இருக்கும்."

"யாரு துணி?"

"நான் போட்டதுப்பா."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்குச் சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் உள்ளே போனால், ஒரு தாள் மேலிருந்து கீழ் வரை பிரிந்து, மடித்து, கட்டில் மேல் வைத்திருந்தது. கிழியவில்லை. தையலைப் பிரிக்கிற மாதிரி நகத்தால் நெருடி நெருடிப் பிரித்திருக்கிறார்.

"ஏன்பா பிரிச்சீங்க?"

"எவன் தெச்சான் இதை? இலை பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கஸ்டமர் பாத்தா மூஞ்சில எறிவான்."

இலைக்காரி சுவரருகே போய்க் குனிந்து பார்த்தாள். ஒட்டியவர் ஒரு மயிரிழை இடைவெளி விட்டிருந்தார். முதலில் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவளுக்கு முகம் சூடானது. ஆயிரம் வீட்டில் யாரும் கண்டுபிடிக்காததை, காலையில் தின்றது மத்தியானம் நினைவில்லாத இந்த மனுஷன் கண்டுபிடித்துவிட்டாரே என்று பெருமையாகவும் இருந்தது, மானம் போன மாதிரியும் இருந்தது.

அதோடு நின்றிருந்தால் வேறு கதை. அந்த வாரமே, அவள் வாசலில் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா அவள் முதுகுக்குப் பின்னாலேயே நழுவிப் படியிறங்கிவிட்டார். கீழ்வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டாள். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவளிடம் இலைக்காரி கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு வாசலைப் பூட்டி வைத்தாள். அப்பா பூட்டிய கதவின் முன்னால் நின்று அதை உலுக்கினார், தட்டினார், என்னை ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்று விசும்பி விசும்பி அழுதார். அறைக் கதவைச் சாத்தினால் அங்கேயும் அதே கதைதான். அழுகையைக் கேட்டுக்கொண்டு அவள் இலை வரைந்தாள். அந்த வாரம் வரைந்த இலைகள் எல்லாம் கோணல்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கதவு கண்ணில் படுவதால்தானே போகத் தோன்றுகிறது? கதவே தெரியாவிட்டால்?

தொழில் தெரிந்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. நமக்கெல்லாம் வந்தால், சேச்சே என்று விட்டுவிடுவோம், எப்படிச் செய்வது என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். அப்பாவின் விரல் ஜாயிண்டைக் கண்டுபிடித்துவிடுமா? ஜாயிண்டே இல்லாமல் செய்தால் போகிறது. ஆபீசில் பெரிய பேனர் அடிக்கிற மெஷின் இருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரே தாளாக அடிக்கலாம். மூலைகளில்கூட மடித்து வளைத்துக் கொண்டுபோனால் நாலு சுவரும் ஒரே காடு. கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். கதவும் சுவரும் சேரும் கோடு ஒரு மரத்தின் ஓரத்தில் விழுகிற மாதிரி வரைய வேண்டும். ஜன்னலுக்கும் அதே காட்டை அச்சடித்து ஒரு திரை.

சாப்பாடு தூக்கம் பார்க்காமல் வரைந்தாள். அவள் போட்டதிலேயே சிறந்த வேலை அதுதான், இதில் சந்தேகமே வேண்டாம். ஒரு மரம் மாதிரி இன்னொன்று இல்லை. மரங்களுக்கு நடுவே பனி, பனிக்குள் இன்னும் மரம், அதற்குள் இன்னும். கண் எங்கேயும் முட்டவில்லை, போய்க்கொண்டே இருந்தது. மரங்களுக்கு நடுவே பாதை மாதிரி ஏதாவது தெரிந்தால் அப்பாவுக்குக் கிளம்பத் தோன்றும் என்று, பாதையாகத் தோன்றிய இடத்தையெல்லாம் புதர் போட்டு மூடினாள்.

ஒட்ட வந்த பசைக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கதவு மேலயுமா மேடம்? அப்ப நான் எப்படி வெளிய போறது?" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். முடிந்து கதவைச் சாத்தியதும் பசைக்காரர் நிஜமாகவே ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். கையால் துழாவித்தான் கதவைக் கண்டுபிடித்தார். இலைக்காரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அப்பாவை உள்ளே கூட்டி வந்து விட்டாள். அவர் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அழவில்லை. கதவைத் தட்டவில்லை, வெளியே போக வேண்டும் என்று கேட்கவில்லை. பகலில் அவள் கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள், அறைக்குள்ளிருந்து சத்தமே வராது. குளியலறைக்குக் கூட்டிப்போகும்போது அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு அடியையும் காலால் தடவித் தடவி வைத்து வந்தார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் ரொட்டித் துண்டுகள் இருந்தன, பாதி கடித்தது, காகிதத்தில் சுற்றியது. மறதி முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். கையைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று அவருடைய பழைய தையல் சாக்பீஸையும் கொஞ்சம் துண்டுத் துணியையும் கொடுத்திருந்தாள். அவர் துணியைத் தொடவில்லை. சாக்பீஸால் சுவரில் சின்னச் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார், ஒவ்வொரு மரத்திலும், மார்பு உயரத்தில். பாவம், துணி என்று நினைத்து வெட்டுவதற்கு அடையாளம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். தினமும் அவர் தூங்கிய பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு குறியாகத் துடைத்துவிடுவாள். துடைத்த சுவரை ஒரு நாள் படம் எடுத்துத் தியானத்துக்கும் அனுப்பினாள். கறையே இல்லை, பாருங்கள் சார் என்று.

தியானம் உடனே கூப்பிட்டார். போனிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினார், குரலிலேயே தெரிந்தது. "அற்புதம்மா. இதுக்கு அமைதி வனம்னு பேர் வெச்சுடலாம். இந்த மாதிரி பெரியவங்க இருக்கற வீடு எவ்வளவோ இருக்கு. எல்லாருக்கும் குடுக்கலாம்."

அண்ணன் வந்து நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அப்பா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். அப்பா அவன் காதருகே குனிந்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறார்?" என்றாள் இலைக்காரி.

"பக்கத்துல தண்ணி எங்க கிடைக்கும்னு கேக்கறார்." அண்ணன் சிரித்துக்கொண்டே மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தான். அப்பா மடக்கு மடக்கென்று குடித்தார். கூடத்துக்கு வந்ததும் அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்தான். "இவரை இவ்வளவு அமைதியா நான் பாத்ததே இல்ல. நீ ஜெயிச்சுட்டேம்மா. இனிமே இல்லம்ங்கற பேச்சே வேண்டாம்."

அவன் போன பிறகு அவள் சமையலறையில் நின்று வெகு நாட்களுக்குப் பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ தடவை கூசிப்போனாள்.

அமைதி வனத்துக்கான மீதி வேலை ஓடிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். துணியும் வாளியுமாகச் சுவர் துடைக்கக் கிளம்பினாள். முந்தின நாள் அசதியில் விட்டுப்போயிருந்தது. கதவருகே போனபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு தூரத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுகிற குரல்.

"யாருங்க... யாராவது இருக்கீங்களா?"

கொஞ்சம் நிறுத்தினார். பதில் வருகிறதா என்று கேட்கிறார் போல. மறுபடியும், "ஏங்க... யாராவது..."

கதவை இழுத்துத் திறந்தாள். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது. தடுமாறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. நீங்க இந்தப் பக்கமா? வழி தெரியுமா உங்களுக்கு?"

"அப்பா, நான்தாம்பா."

அவர் காதில் விழவில்லை. "எவ்வளவு நேரமா நடக்கறேன்னே தெரியலம்மா. எங்க பாத்தாலும் மரம். வழி தப்பக் கூடாதுன்னு மரத்துக்கு மரம் குறி போட்டுட்டே வரேன். ஒரு சுத்து வந்து பாத்தா குறி இருக்கறதில்ல. யாரோ பின்னாலயே வந்து அழிச்சுட்டுப் போறாங்க."

இலைக்காரி கையிலிருந்த வாளியைக் கதவருகே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் எப்படியும் சமாளிச்சுப்பேன். ரொட்டி கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கேன். வீட்ல சின்னப் பொண்ணு இருக்கு. ஸ்கூல் விட்டு வந்திருக்கும். சாவி என்கிட்ட மாட்டிக்கிச்சு. படியில உக்காந்து அழுதுட்டு இருக்கும். அதுக்குப் பயம் ஜாஸ்தி."

அவர் தேடிக்கொண்டு போனது அவளைத்தான். பஸ் டிப்போவுக்கும் அவளைத் தேடித்தான் போயிருக்கிறார். பூட்டிய கதவை உலுக்கியதும் அவளுக்காகத்தான். இது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "இதோ பாருங்கப்பா, வீடு. நம்ம வீடு. நான் வந்துட்டேன், பத்திரமா இருக்கேன்."

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கூடத்தைப் பார்த்தார். அவர் தைத்த திரைச்சீலை, அவர் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலி, சுவரில் அம்மாவின் படம்.

"இது யார் வீடும்மா? சொல்லாமக் கொள்ளாம நுழையக் கூடாது." குரலைத் தணித்துக்கொண்டார். "என் வீடு அந்தப் பக்கம்தான் இருக்கு. காட்டைத் தாண்டிட்டா வந்துடும்." அவள் கையை மரியாதையாக விலக்கிவிட்டு, திரும்பி, தானாகவே அறைக்குள் போனார்.

அவள் சமையலறைக்கு ஓடிக் கத்தியை எடுத்து வந்தாள். அந்தக் காட்டைக் கிழித்துத் தூர எறிய வேண்டும், இந்த நிமிஷமே. எங்கிருந்து ஆரம்பிப்பது? நகம் நுழைய ஒரு ஜாயிண்ட் இல்லை. நாலு சுவரையும் தடவித் தடவி வந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே சபித்துக்கொண்டாள். கடைசியில் கதவு ஓரத்தில் கத்தியைச் செருகி, கிடைத்த நுனியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள். பசைக்காரர் வஞ்சகமில்லாமல் பசை போட்டிருந்தார். சுண்ணாம்போடு சேர்ந்து பட்டை பட்டையாகப் பிய்ந்து வந்தது.

"மரத்தை விடுங்கம்மா" என்றார் அப்பா. "விடுங்க. அதுல என் குறி இருக்கு."

அவள் காதில் வாங்கவில்லை. அழுதுகொண்டே பிய்த்தாள். நேற்றைய குறியும் இன்றைய குறியும் அவள் காலடியில் சுருண்டு விழுந்தன.

பின்னால் குரல் நின்றுபோனதும் திரும்பிப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. கதவருகே அவள் வைத்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளி விளிம்பில் தொங்கிய துணி, தினம் தினம் துடைத்ததில் சாக்பீஸ் வெள்ளை ஏறிப்போயிருந்தது. துணி விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. குனிந்து அதைத் தொட்டு விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய். அதுவும் நாளைக்குள் மறந்துபோயிருக்கும். அவளால் முடியவில்லை.

"ஆமாப்பா. நான்தான்."

அவர் கத்தவில்லை. கோபம் கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"என் பொண்ணு உங்களுக்கு என்னம்மா பண்ணுச்சு?"

எதை எதையோ மறந்த மனுஷன் இதை மறக்கவில்லை. மறுநாள் தட்டோடு போனாள், அவர் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் அதேதான். கதவுக்குக் கைப்பிடி வைத்தாயிற்று, சுவர் முழுக்கச் சுரண்டி வெறும் சிமெண்ட் தெரிந்தது, ஜன்னல் திறந்து கிடந்தது, எதுவும் அவரை அசைக்கவில்லை. அவள் நிழல் பட்டாலே மூலைக்கு ஒதுங்கினார். அவள் கையால் தண்ணீர் கூட வாங்கவில்லை. கீழ்வீட்டு அம்மாள் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு வாய் குடித்தார். அண்ணன் வந்து ஊட்டினான், பசியில் அவசர அவசரமாகச் சாப்பிட்டார். தட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கையை எட்டிப் பார்த்து, அவன் பின்னால் மறைந்துகொண்டார்.

அண்ணன் சமையலறைக்கு வந்தான். அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்ச நாள் போனா மறந்துடுவார்மா" என்றான்.

"மறக்கறதுக்குள்ள செத்துடுவார்ணா. கூட்டிட்டுப் போய்டு."

"எங்க?"

"உனக்குத் தெரியும். என்னைச் சொல்ல வைக்காதே."

அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அழட்டும் என்று காத்திருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள், இரண்டு போர்வை வைத்தாள், மாத்திரைகளை வைத்தாள். அப்பாவின் அறைக்குள் மட்டும் போகவில்லை. அவர் கிளம்பும்போதாவது பயப்படாமல் கிளம்பட்டும் என்று படிக்கட்டின் மேல் முனையில் நின்றுகொண்டாள்.

அண்ணன் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் காரில் உட்கார வைத்தான். அப்பா ஜன்னல் வழியாக மேலே பார்த்தார், அவள் நிற்பது தெரிந்துவிட்டது. அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தார். தாழ்ந்த குரல்தான், ஆனால் படிக்கட்டு வரை கேட்டது.

"அந்தம்மாவும் கூட வராங்களா?"

அண்ணன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"இல்லப்பா. அவங்க வரல."

அப்பா நீளமாக மூச்சு விட்டுச் சீட்டில் சாய்ந்தார்.

"அப்ப சீக்கிரம் போங்க தம்பி. என் பொண்ணு காத்துட்டு இருக்கும்."